செடியின் தாகத்துக்குக் கடிகாரம் கிடையாது

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது மாடித்தோட்டத்துக்கு எங்கே போவது என்று அன்று பலர் கேட்டது நியாயம்தான். ஆனால் மாடியில் நாம் ஊற்றும் தண்ணீர் முழுவதையும் செடியா குடிக்கிறது? செடிப் பையின் அடியில் ஒழுகி, தளத்தில் ஓடி, வடிகுழாயில் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படி ஓடவிடுவது பெரும்பாலும் நாம் சந்தேகிக்காமல் வைத்திருக்கும் சில நம்பிக்கைகள்.

அவற்றில் முதலாவது, "மாடிச் செடி என்றால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்" என்பது. வெயில், காற்று, இலைப்பரப்பு, தொட்டியின் அளவு எல்லாம் சேர்ந்துதான் செடியின் தேவையை முடிவு செய்கின்றன. மே மாதச் சென்னையில் பச்சை மூடிய நிலம் நாளொன்றுக்குச் சுமார் 5, 6 மில்லிமீட்டர் நீரை ஆவியாக இழக்கும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 5, 6 லிட்டர். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் இது வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு காலத்துக்கும் ஒரே வாளிக் கணக்கு வைப்பவர்கள், மழை நின்ற மறுநாளே ஹோஸைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார்கள்.

இதில் தென்னை நார்க்கழிவு செய்யும் ஏமாற்று வேலை தனி. இன்றைய குரோ பேக்குகள் பலவற்றில் கணிசமாக இருப்பது அதுதான். தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் மேற்பரப்பு வெயிலில் சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே மட்டும் பார்ப்பவர் மீண்டும் ஊற்றுவார். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விட்டுப் பாருங்கள்; ஈரம் ஒட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிடலாம். பையை லேசாகச் சாய்த்துக் கனம் பார்ப்பதும் நல்ல வழி. ஈரமானி என்று கடைகளில் விற்கும் கருவி வேண்டியதில்லை.

"இலை தொங்கினால் தாகம்" என்பது பாதி உண்மை. அந்தப் பாதியால்தான் நிறைய செடிகள் சாகின்றன. மதியம் இரண்டு மணிக்குச் சுரை, பூசணி, வெள்ளரி இலைகள் ஈர மண்ணிலும் துவண்டு தொங்கும். வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை நீரை இழக்கிற வேகம் அப்போது அதிகம், அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால், காற்றில்லாமல் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அந்த நேரத்தில் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் செடியைக் கொல்லும்.

உச்சி வெயிலில் ஊற்றினால் நீர்த்துளிகள் லென்ஸாக மாறி இலையைச் சுட்டுவிடும் என்பார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலைகளில் துளிகளால் சூடு விழவில்லை. மெழுகுத்தன்மையுள்ள ரோமங்கள் துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் சில செடிகளில் மட்டுமே அது நடக்கக்கூடும். ஆக, மதியம் ஊற்ற வேண்டாம் என்ற அறிவுரை சரி, சொல்லும் காரணம்தான் தவறு. அந்த நேரத்தில் ஆவியாகி வீணாவது அதிகம். போதாததற்கு, மொட்டைமாடித் தொட்டியிலும் ஹோஸிலும் கிடந்த தண்ணீர் கையே வைக்க முடியாத சூட்டில் வரும். விடியற்காலையே சிறந்தது.

தொட்டியின் அடியில் கூழாங்கல்லோ ஓட்டுத்துண்டோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நர்சரிகளிலேயே சொல்லப்படுவது. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண் முழுதும் நீரில் ஊறித் ததும்பும்வரை, அதிலுள்ள நீர் கீழேயுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரம் கல்லுக்கு மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் நிற்கும். மண்ணுக்கான இடமும் குறைவதால் சேமிப்பும் குறையும். துளையில் மண் ஒழுகாமல் ஒரு வலைத்துண்டு போதும்.

இனி, எந்தத் தண்ணீர்? ஏ.சி.யிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. உப்பு ஏறக்குறைய இல்லை. புழுக்கமான கடற்கரை ஊர்களில் ஓரிரவில் சில லிட்டர் சேரும். "அதில் சத்தில்லை" என்று கொட்டிவிடுகிறார்கள். சத்து உரத்திலிருந்து வரட்டும்! குடிக்க ஆகாது என்பதால் அலங்காரச் செடிகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

ஆர்.ஓ. கழிவுநீர் வேறு கதை. சுத்திகரிப்பில் ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியின்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் தடையில்லை, 2000-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை. இடைப்பட்டதை ஏ.சி. நீரோடோ மழைநீரோடோ கலந்து விடுங்கள். இலை ஓரம் கருகினால் நிறுத்திவிடுங்கள்.

அடுக்ககங்களில் கவனிக்காமல் விடுவது சாஃப்ட்னர் தண்ணீர். கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும் கருவி அது. டி.டி.எஸ். எனும் கரைந்த உப்பின் அளவு பெரிதாக மாறாததால் மீட்டரில் நல்ல தண்ணீர் போலவே தெரியும், தொட்டி மண்ணோ நாளடைவில் இறுகி நீரை உள்ளே விடாது. சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் வைக்கச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். சலவை இயந்திர நீரைத் தரையிலுள்ள வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். தொட்டிக்கும் கீரைக்கும் வேண்டாம், ஒரு நாளுக்கு மேல் தேக்கியும் வைக்க வேண்டாம்.

தண்ணீரைச் சேமிக்கும் ஜெல் மணிகளைப் பற்றிய விளம்பரங்கள் தூய நீரில் அவை பல மடங்கு ஊதுவதைக் காட்டுகின்றன. நம் உப்புப் போர்வெல் தண்ணீரில் அவை அவ்வளவு ஊதாது. அவற்றுக்குப் பதில் இரண்டு அங்குலத்துக்குச் சருகையோ கரும்புச் சோகையையோ மூடாக்காகப் போடுங்கள், காசே செலவில்லை.

கடைசியாகத் தட்டு. தொட்டியின் கீழ் தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது தவறு. ஊற்றி அரை மணி நேரம் கழித்து மிஞ்சியிருப்பதை அடுத்த செடிக்கு ஊற்றிவிட்டு, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும்.