ஆமணக்குக்கும் பூட்டு வேணும்

மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது, வடக்கே ஆல்னிக் என்ற ஊரில் உள்ள நச்சுத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். 2005-ல் திறந்தது. சுமார் 100 வகை நச்சுச் செடிகள். கருப்பு இரும்புக் கதவில் மண்டையோட்டுப் படம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தொடக்கூடாது, முகரக்கூடாது.

காணாத செடியெல்லாம் காட்டப் போறாங்கன்னு நினைச்சேன். உள்ளே நின்றது நம்ம ஆமணக்கு! கடலைக் காட்டு வரப்பில் புழுவுக்குப் பொறிப்பயிராக நாம் நடுகிற அதே செடி.

அதன் விதையில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது. செக்கில் ஆட்டும்போது எண்ணெய் பிரிந்து வந்துவிடும். நஞ்சு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடேற்றினால்தான் முறியும்.

எனக்குச் சுருக்கென்றது. விவசாயத்துக்கு வந்த புதிதில், ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டையையும் மாட்டுக்கான கடலைப் புண்ணாக்கு மூட்டையையும் அடுத்தடுத்து வைத்திருந்தேன். கட்டவிழ்ந்த கன்று ஒன்று உர மூட்டையில் வாய் வைத்துவிட்டது. 'இயற்கை உரம்தானே' என்று விட்டுவிட்டேன். மறுநாள் கடுமையான கழிச்சல். அதற்கடுத்த நாள் கன்று இல்லை. செரிமானக் கோளாறு என்றே நினைத்திருந்தேன். வங்கியில் இரண்டு சாவி இல்லாமல் பெட்டகத்தைத் திறக்க விடாதவன், கொட்டகைக்குத் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை.

ஆமணக்குப் புண்ணாக்கு நல்ல உரம். தழைச்சத்து 4 சதவீதத்துக்கு மேல். நான் இன்றும் போடுகிறேன். ஆனால் இப்படி:

1. தீவனம் வைக்கும் இடத்தில் வைப்பதில்லை. தனி அறை, பூட்டு. சாக்கில் 'உரம், தீவனம் அல்ல' என்று பெரிதாக எழுதிவிடுவேன்.

2. வயலில் போட்டதும் மண்ணைக் கிளறி மூடிவிடணும். நாய்களும் தேடி வந்து தின்னும்.

3. தூள் ஒவ்வாமை தரும். அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்க.

4. ஊமத்தை, எருக்கு சேர்த்துப் பூச்சிவிரட்டி தயாரிக்கிறவர்கள் கையுறை போடுங்க. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அடுப்படிப் பாத்திரம் வேண்டாம்.

5. மாடு தின்றுவிட்டால் கழிச்சல் வரும்வரை காத்திருக்காதீங்க. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, எதைத் தின்றது என்று சொல்லுங்க.

கடையில் வாங்கும் பூச்சிக்கொல்லி டப்பாவிலாவது எச்சரிக்கை அச்சடித்திருக்கும். செடியில் அது இருக்காது. நாம்தான் எழுதி ஒட்டணும்.