படத்தோடு பெயரும் போகட்டும்

கயல்,

ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு விலங்கியலாளர் ஹெக்கலின் படங்களை அச்சடித்து விற்கப்போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. படிப்பதும் விடுவதும் உன் இஷ்டம்; உன் அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனாலும், நீ கொண்டாடுகிற அந்த மனுஷரே 25 வயதில் இதே இடத்தில் நின்றவர். 1859இல் இத்தாலிக்குப் போனபோது, விலங்கியலை விட்டு ஓவியராகிவிடலாமா என்று தடுமாறினார். பிறகு மெசினாவில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் ரேடியோலேரியா என்கிற ஒற்றைச் செல் கடலுயிர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1862இல் அது பெரிய நூலாக வந்தது. தூரிகையையும் விடவில்லை, படிப்பையும் விடவில்லை.

நீ அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். ‘இயற்கையின் கலைவடிவங்கள்’ தொகுப்பின் எட்டாம் படம், ஜெல்லிமீன்கள். அச்சு சுத்தமாக வந்திருக்கிறது. மேலும் கீழும் இருந்த எழுத்தை ஏன் வெட்டினாய்? சுவரில் உறுத்தும் என்கிறாய். கூந்தலை அவிழ்த்துவிட்டது போலத் தொங்குகிறதே, அதன் பெயர் டெஸ்மோனீமா அன்னாசேத்தே. அன்னா சேத்தே ஹெக்கலின் மனைவி. 1864இல், கணவருடைய 30ஆம் பிறந்தநாளன்றே இறந்துபோனாள். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் சுவரில் மிஞ்சுவது வெறும் அலங்காரம். 1899 முதல் 1904 வரை வந்த அந்த 100 படங்களுக்கும் அவர் கூடவே விளக்கம் எழுதியிருந்தார்.

இன்னொரு பெயரும் இருக்கிறது: அடோல்ஃப் கில்ட்ஷ். யேனா ஊர் லித்தோ கலைஞர். ஹெக்கல் வரைந்ததைக் கல்லில் ஏற்றி அச்சுக்குக் கொண்டுவந்த கை அவருடையது. சேலஞ்சர் கப்பல் சேகரித்த ரேடியோலேரியா பற்றிய 1887 அறிக்கையில் 140 படங்கள். அங்கே ஹெக்கல் பெயரோடு கில்ட்ஷ் பெயரும் அடியில் நிற்கிறது. இன்று விற்கிறவர்களில் எத்தனை பேர் அதைச் சொல்கிறார்கள்?

தாத்தா விஷயம் உனக்கே தெரியும். ஆயுசெல்லாம் காலண்டருக்கு லித்தோவில் சாமி முகம் எழுதினார். ஓவியர் பெயர் மூலையில் வரும், கடைக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் வரும். தாத்தா பெயர் ஒன்றிலும் வரவில்லை. கண் மங்கிய பிறகு அந்த அச்சகத்திலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வீட்டுப் பெண் அடுத்தவர் பெயரில் கத்தரி வைக்கலாமா?

கடலில் எந்த ஜெல்லிமீனும் ஹெக்கல் வரைந்த அளவுக்கு ஒழுங்காக நிற்காது. எது உடம்பின் அமைப்பு, எது அவர் கூட்டிய அழகு என்று வாங்குகிறவருக்கு நீ சொல்ல வேண்டாமா? அதற்குத்தான் அந்த ஆராய்ச்சி. இன்னும் கொஞ்சம்தானே பாக்கி? முடித்துவிட்டுக் கடை போடு. அப்புறம் உன் விருப்பம்.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. வண்ணம் பார்க்கிற கண் உனக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. எங்கள் யாருக்கும் அது வாய்க்கவில்லை. முதல் படம் எனக்கு, முழு விலைக்கு. உன் பெரியம்மா இப்போதே கல்யாண வீடுகளுக்குப் பரிசு கொடுக்கப் பத்து வேண்டும் என்கிறாள். பணம் தேவைப்பட்டால் அப்பாவிடம் கேட்காதே, எனக்கு ஒரு போன் போடு. பொங்கலுக்கு அவசியம் வா. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் பெரியப்பா