தேவதைக் கதை எழுதக் கற்றோம்

"ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு ராஜா" என்று யார் தொடங்கினாலும் எங்கள் வகுப்பில் ஒருத்தியாவது "உம்" என்பாள். பாட்டியிடம் கதை கேட்டுப் பழகிய வாய் அல்லவா! வேதாளம் கதை சொல்லும்போது விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். நம் பாட்டியோ நாம் "உம்" கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். கேட்பவரும் சேர்ந்தே கதையை நடத்துகிறார் என்பதை நாம் அன்றே கற்றுவிட்டோம்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் தமிழாசிரியை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையைக் கதை எழுதுவதற்கென ஒதுக்கினார். "பொதுத்தேர்வு எழுதப் போகிற நமக்கா தேவதைக் கதை?" என்று முதலில் சிரித்தோம். எழுத உட்கார்ந்த பிறகுதான் எங்கள் அறியாமை எங்களுக்கே தெரிந்தது. நாங்கள் கற்றவற்றைத் தங்கையரும் பெற்றோரும் அறிந்துகொள்ள இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தேவதைக் கதை எது?

பெயரில் தேவதை இருந்தாலும் பல கதைகளில் தேவதையே வருவதில்லை. வேறு சில அடையாளங்களால்தான் அதை இனங்காண வேண்டும். இன்ன ஆண்டு, இன்ன ஊர் என்று கதை சொல்லாது. நாயகிக்குப் பெரும்பாலும் தனிப்பெயர் இராது. "கடைசிப் பெண்", "விறகுவெட்டி மகள்" என்றே வருவாள். கிளி பேசினாலும் மரம் நடந்தாலும் கதையில் உள்ளவர் எவரும் வியப்பதில்லை. எதுவும் மூன்று முறையோ ஏழு முறையோ நடக்கும். எளியவர் இறுதியில் உயர்வார்.

பஞ்சதந்திரம் போன்ற நீதிக்கதை ஒரு பாடத்தைச் சொல்லி முடியும். ஊர்க்கதை, "இதோ இந்தப் பாறைதான்" என்று இடத்தைக் காட்டி நம்பச் சொல்லும். தேவதைக் கதை இரண்டையும் செய்யாது. நம் மனத்துக்குள்ளேயே ஓர் ஊரைக் கட்டிவிடும்.

விளாடிமிர் பிராப் என்ற ரஷ்ய அறிஞர் நூறு மாயக் கதைகளை ஆராய்ந்து 1928-ல் ஒரு நூல் வெளியிட்டார். கதைகள் வேறுவேறாயினும் அவற்றில் நடக்கும் செயல்கள் 31 வகைக்குள் அடங்கும் என்று அவர் காட்டினார். நாங்கள் அதைச் சுருக்கி ஐந்து சொற்களாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டோம்: குறை, புறப்பாடு, சோதனை, உதவி, திரும்புதல்.

கதை சொன்னவர் பெயர்

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளியின் உடம்பில் தன் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியை நாம் அனைவரும் அறிவோம். இக்கதையின் ஒரு வடிவம் 1868-ல் "ஓல்டு டெக்கான் டேஸ்" என்னும் ஆங்கில நூலில் அச்சேறியது. நூலை வெளியிட்டவர் பம்பாய் ஆளுநரின் மகள் மேரி ஃப்ரீர். ஆனால் அதில் உள்ள கதைகளைச் சொன்னவர் அவ்வீட்டில் ஆயாவாக இருந்த அன்னா லிபரேட்டா டி சூசா என்ற கிறிஸ்தவப் பெண்மணி. தம் பாட்டியிடம் கேட்ட கதைகளை அவர் சொன்னார். அவர் தம் வாழ்க்கையைத் தாமே எடுத்துரைத்த பகுதியும் அந்நூலில் உண்டு.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களுக்குப் பல கதைகளைக் கொடுத்த டோரோத்தியா ஃபீமன் என்பவரும் தையற்காரர் ஒருவரின் மனைவி. காய்கறி விற்றுப் பிழைத்தவர். நம் தமிழ்நாட்டில், 2021-ல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் கதைகளைத் திரட்டித் தந்தார். சென்னையில் 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் இப்போது வருவதில்லை. ஆனாலும் அதன் பெயரைச் சொன்னதும் எங்கள் பெற்றோரின் முகம் மலர்வதைக் கண்டோம்.

நூலில் பெயர் வந்த கதைசொல்லிகள் மிகச் சிலரே. நம் பாட்டிமார் பெயர்கள் எந்த நூலில் இருக்கின்றன?

ஒரு தோழியின் கேள்வி

முதல் வாரம் நாங்கள் எழுதிய கதைகளை ஆசிரியை படிக்கச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றிலும் கொடுமைக்காரச் சிற்றன்னை வந்தாள். சோறு போடாதவள், சூடு வைப்பவள், காட்டுக்குத் துரத்துபவள். எங்கள் தோழி ஒருத்தியின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்று, "நான் எழுதவில்லை டீச்சர்" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கு இருப்பது சித்திதான். தினமும் காலையில் எனக்குத் தலை பின்னி, டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவது அவர்தான். அவரை நான் எப்படி ராட்சசியாக எழுதுவேன்?" என்று கேட்டாள்.

எங்களில் யாரும் தலை நிமிரவில்லை. யோசிக்காமல் எழுதிய ஒரு சொல், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவளைச் சுடும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

ஆசிரியை அடுத்த வாரம் ஒரு செய்தியுடன் வந்தார். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதற்பதிப்பில் வெண்பனிப் பெண்ணைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாயே! 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். காட்டில் விடப்பட்ட ஹான்சல், கிரெட்டல் கதையிலும் பிற்பாடு இதே மாற்றம் செய்யப்பட்டது. பெற்றவள் இப்படிச் செய்வதாகச் சொல்லக் கூடாது என்னும் எண்ணமே காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பிரசவத்தில் தாய்மார் பலர் இறந்த அக்காலத்தில் பல வீடுகளில் மாற்றாந்தாய் இருந்தாள். பழி சுமத்த அவள் எளிதாகக் கிடைத்தாள்.

ஆக, சிற்றன்னை கொடியவளாய் இருப்பது கதையின் மாறாத விதி அன்று. எழுதியவர் எடுத்த முடிவே அது. எழுதுகிற நாம் வேறு முடிவு எடுக்கலாம்.

எழுதும் முறை

1. முதல் வாக்கியத்திலேயே ஒரு குறையைச் சொல்ல வேண்டும். "அந்த ஊரில் தண்ணீர் இல்லை" என்றால் கதை தானே நடக்கத் தொடங்கும்.
2. வருணனையைக் குறைக்க வேண்டும். காடு இருண்டது என்றால் போதும்.
3. மாயப் பொருள் வீட்டில் உள்ளதாக இருக்கட்டும்: உலக்கை, முறம், சொளகு, மண்குடம்.
4. உதவி சும்மா வரக் கூடாது. கிளிக் கதையில் இளவரசன் கழுகுக் குஞ்சுகளைப் பாம்பிடமிருந்து காத்தான். அதனால்தான் அவை அவனைச் சுமந்து பறந்தன.
5. முடிவில் நீதி கூற வேண்டாம். நியாயம் நடந்துவிட்டால் நீதி தானே விளங்கும்.

இரும்புலியூர்ப் புலி

"கதைக்கு எங்கே போவது?" என்று கேட்டோம். "உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறதே!" என்றார் ஆசிரியை. "இருங்கடல்" என்றால் பெரிய கடல். அப்படியானால் இரும்புலி பெரிய புலி அல்லவா? ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் இரையும் நம் ஊரில் ஒரு பெரும்புலி! வண்டலூருக்குப் போய்ப் பார்க்க வேண்டிய புலி எங்கள் நோட்டுப் புத்தகத்துக்கே வந்துவிட்டது.

கேள்வி கேட்ட தோழிதான் மிக நல்ல கதையை எழுதினாள். அதைச் சுருக்கித் தருகிறோம்.

ஏரிக்கரையில் ஒரு பெரிய புலி காவலிருந்தது. உண்மையான கதை ஒன்று சொல்பவர்க்கே அது தண்ணீர் விடும். முதலில் வந்தவள் தன் நகைகளைப் பற்றிச் சொன்னாள்; புலி கொட்டாவி விட்டது. இரண்டாவதாக வந்தவள் அடுத்த வீட்டாரைப் பழித்தாள், புலி உறுமியது. மூன்றாவதாக ஒரு சிறு பெண் வந்தாள். அவள் முந்தானையில் சிற்றன்னை முடிந்து கொடுத்த கருப்பட்டித் துண்டு ஒன்று இருந்தது. பாதியைப் புலிக்குக் கொடுத்துவிட்டு, "தாய் இல்லாத வீட்டுக்கு ஒருத்தி வந்தாள்" என்று தொடங்கினாள். புலி "உம்" என்றது. விடியும்வரை "உம்" என்றது. விடிந்தபோது ஊரின் குடங்கள் எல்லாம் நிறைந்திருந்தன.

முடிவுரை

அந்தக் கதையைத் தோழி அன்றிரவு வீட்டில் படித்துக் காட்டினாளாம். அவள் சித்தி கீரை ஆய்ந்தபடியே கேட்டாராம். எதுவும் சொல்லவில்லையாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் "உம்" கொட்டினாராம்.

அன்புத் தங்கையரே! இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கதை கேளுங்கள். அதை எழுதி, கீழே சொன்னவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். பிறகு நீங்களே ஒன்று புனையுங்கள். அதில் யாரைக் கொடியவர் ஆக்குகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்து எழுதுங்கள். மதிப்பெண்ணுக்காக எழுதத் தொடங்கிய நாங்கள் கற்ற பெரிய பாடம் அதுவே.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு