குதிரில் விளங்கும் தம்மம்

ஐதராபாத் நகரின் உசேன் சாகர் ஏரி நடுவே, ஒரே கல்லில் செதுக்கிய பகவான் புத்தரின் பெருஞ்சிலை நிற்கின்றது. 1992-ஆம் ஆண்டில் அது அங்கு நிலைநாட்டப்பெற்றது. காண்போர் கைகூப்புகின்றனர். ஆயினும் பகவானின் போதனை கல்லில் மட்டும் நிற்பதன்று. உழுகின்ற கையிலும் அளக்கின்ற படியிலும் நிற்க வேண்டுவதாகும். அதற்குரிய சான்றொன்றை அந்நகருக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ஜகீராபாத் வட்டாரத்துச் சிற்றூர்களிற் காண்கிறோம்.

முதலில் போதனையை நோக்குவோம். திக்க நிகாயத்துக் கூடதந்த சுத்தத்தில் பகவான் ஒரு வரலாறு கூறுகின்றார். நாட்டில் கொள்ளை மிகுந்திருக்க, அரசன் பெருவேள்வி செய்ய விழைந்தான். அவன் புரோகிதரோ, தண்டனையால் கொள்ளை ஒழியாது என்றும், உழவர்க்கு விதையும் தீவனமும், வணிகர்க்கு முதலும், பணியாளர்க்கு ஊதியமும் அளித்தால் நாடு அமைதியுறும் என்றும் அறிவுறுத்தினார். விதை கொடுத்தலே வேள்வியினும் சிறந்தது என்பது இதனால் பெறப்படும்.

இனிச் சான்றினை நோக்குவோம். 1983-இல் தோன்றிய தக்காண வளர்ச்சிக் கழகம் (டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி) ஊர்தோறும் பெண்களைக் கூட்டியது. அக்கூட்டங்களுக்குச் 'சங்கம்' என்றே பெயர். உறுப்பினருள் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்தம் குடும்பங்களுக்கிருந்த சிறு நிலங்கள் பல தரிசாய்க் கிடந்தன. நியாயவிலைக் கடையில் மலிவான அரிசி வந்தபின் சோளமும் தினையும் மதிப்பிழந்தன. நிலமும் உடன் மதிப்பிழந்தது.

1990-களில் அச்சங்கங்கள் தானிய நிதி ஒன்றை அமைத்தன. தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிட உழவர்க்குக் கடன் அளிக்கப்பட்டது. கடனைப் பணமாகவன்றிச் சோளமாகவே சில ஆண்டுகளில் திருப்பித் தருதல் ஏற்பாடு. அத்தானியம் அவ்வூரிலேயே சேமிக்கப்பட்டுப் பஞ்ச மாதங்களில் வறியவர்க்குக் குறைந்த விலைக்கு அளிக்கப்பட்டது. விற்ற பணம் மீண்டும் நிலத்திற்கே சென்றது. வறியவர் யார் என்பதை அதிகாரி எவரும் தீர்மானிக்கவில்லை. ஊரார் கூடி அமர்ந்து தாமே வரிசைப்படுத்தினர். நேற்றுவரை பிறர் களத்தில் கூலிக்கு நின்ற கைகள் ஊருக்குப் படியளந்தன. 2019-இல் இக்கழகம் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசினைப் பெற்றது.

இதனால் எவரும் செல்வராகிவிடவில்லையே என்று சிலர் வினவலாம். உண்மையே. வீட்டில் விளைந்து வீட்டிலேயே உண்ணும் சோளம் சந்தைக் கணக்கில் பெரிதாகத் தோன்றாது. ஆனால் பசி தணிந்ததா என்பதே நம் கணக்கு. ஷூமாக்கர் என்னும் பொருளியல் அறிஞர் 1955-இல் பர்மாவிற்குச் சென்று திரும்பியபின், குறைந்த நுகர்ச்சியால் நிறைந்த நல்வாழ்வு என்பதனைப் பௌத்தப் பொருளியலின் நோக்கமாக எடுத்துரைத்தார். வேட்கை வளர வளரத் துக்கம் வளரும் என்று நாம் கற்றிருப்பதும் இதுவே. எனினும் போதுமென்ற மனத்தை உள்ளவனுக்கு உபதேசிக்க வேண்டுமேயன்றி, இல்லாதவனுக்கு உபதேசித்தல் தகாது. அவனுக்கு முதலில் விதை வேண்டும்.

நாம் சரணடையும் சங்கம் பிக்குகளின் சங்கம். அவ்வுழவர் மகளிரின் சங்கம் வேறு. எனினும் கூடி முடிவு செய்தலும், கிடைத்ததைப் பகிர்தலும் இரண்டிற்கும் பொதுவாம். 1956-இல் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் காட்டிய வழி, வழிபாட்டை மாற்றியதோடு முடிவதன்று. ஒருவரோடொருவர் வாழும் முறையையும் மாற்றுவதாகும்.

ஆகவே, அன்பர்களே, நம் இல்லந்தோறும் உலைவைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்போம். பௌர்ணமிதோறும் விகாரையில் அதனை ஒன்றுசேர்ப்போம். யாருக்குத் தேவை என்பதை, பெறுவோர் நாணமுறாவண்ணம், நாமே கூடி முடிவு செய்வோம். பிடியரிசி சிறிது, அதனால் நிறையும் குதிர் பெரிது.

தம்மம் தழைக்க!