பழைய மோட்டார் சைக்கிளின் ஓசையும் அதன் பொருளும்

சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதை இலக்கணம் பயில்வோர் அறிவர்; ஓசைக்கும் பொருள் உண்டு என்பதைத் தொழில் பயில்வோர் அறிவர். சந்தையிற் பானை வாங்கும் முதியவள் அதனை விரலாற் சுண்டிப் பார்த்து, கண்ணுக்குப் புலனாகாத விரிசலைச் செவியாற் காண்கின்றாள். 1816-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னெக் என்பார் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். பின்னர் மரத்தாற் குழல் செய்துகொண்டார். இன்று மருத்துவர் கழுத்தில் விளங்கும் ஸ்டெதஸ்கோப்பு அதன் வழி வந்ததே. நம் ஊர்ப் பட்டறைகளில் மெக்கானிக்குகள் நீண்ட திருப்புளியின் நுனியை எந்திரத்தின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பதும் இந்நெறியேயாம். திண்ணிய பொருளின் வழியே ஒலி சிதறாது செல்லும் என்பதே இரண்டற்கும் அடிப்படை.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது, பழைய மோட்டார் சைக்கிளின் எந்திரத்தில் வழக்கத்திற்கு மாறாக எழும் ஓசைகளை எவ்வாறு பிரித்தறிதல் கூடும் என்பது. இதற்கு எடுத்துக்காட்டாக நம் நாட்டார் நன்கறிந்த புல்லட்டு வண்டியைக் கொள்வோம். 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார், இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து என்பீல்டு கம்பெனியாரோடு சேர்ந்து என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை அமைத்தனர். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அங்கிருந்து வெளிவந்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் பூண்ட 350 புல்லட்டுகள் பல இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டரும் உடையன. ஒரே சிலிண்டராதலின் ஓசைகள் ஒன்றோடொன்று மிகுதியும் கலவா. கற்போர்க்கு இஃது ஒரு நல்ல பள்ளிக்கூடம்.

பழைய எந்திரம் ஓசையற்றிருத்தல் இல்லை. ஆதலின் அதனை உடையோர் இருவகைப் பிழைக்கு ஆளாகின்றனர். சிறிய ஓசைக்கும் அஞ்சி, ஆராயாது எந்திரத்தை முழுதும் பிரித்துப் போடுவோர் ஒரு சாரார். அவர்க்குப் பொருள் வீணாவதோடு, நன்றாய்ப் பொருந்தியிருந்த உறுப்புகளும் கலைகின்றன. 'பழைய வண்டி அப்படித்தான் கத்தும்' என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வோர் மற்றொரு சாரார்; அவர்க்கு நேரும் இழப்பு பொருளோடு நில்லாது. ஓடும் வேகத்தில் எந்திரம் இறுகினால் பின்சக்கரம் சுழலாது நின்று ஏறியிருப்பவனைச் சாலையில் வீழ்த்தும். அஞ்சத்தக்கது எது, அஞ்சத்தகாதது எது என்று பகுத்தறிதலே இங்கு வேண்டப்படுவது.

ஓசைக்குப் பெயரிடுதல்

இவ்வகையில் தமிழ்மொழி நமக்குப் பெருந்துணை செய்கின்றது. கடகட, லொடலொட, கிணுகிணு, சலசல, படபட, கறகற என்னும் இரட்டைக்கிளவிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஓசையைக் குறிப்பன. 'ஏதோ சத்தம் வருகிறது' என்று கூறுவோனுக்கு மெக்கானிக்கு ஒன்றும் செய்தற்கியலாது. 'மேடேறும்போது கிணுகிணுவென்கிறது' என்று கூறுவோன் பாதி வேலையைத் தானே முடித்துவிடுகின்றான். ஆயினும், இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராதது போல, எந்திரத்தின் ஓசையும் தன் இடமும் காலமும் நீங்கிப் பொருள் தாராது. தொல்காப்பியத்துப் பிறப்பியல், எழுத்தொலிகள் இன்ன இடத்தில் இன்ன முயற்சியாற் பிறக்கும் என்று வகுத்துரைக்கின்றது. எந்திர ஓசைக்கும் அவ்விரண்டையுமே முதலில் வினவுதல் வேண்டும்: அஃது எவ்விடத்துப் பிறக்கின்றது? எந்திரம் எத்தகைய முயற்சியில் இருக்கும்போது பிறக்கின்றது? இவற்றோடு, குளிர்ந்த நிலையிலா சூடேறிய பின்னா என்பதையும் சேர்த்துக்கொள்க.

எந்திரத்தின் நடை

புல்லட்டு எந்திரம் நான்கு வீச்சு முறையில் இயங்குவது. கலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிந்து விரிதல், புகையை வெளித்தள்ளல் என நான்கு வீச்சு முடிய, கிராங்கு இருமுறை சுழல்கின்றது. அவ்விரு சுழற்சிக்கு ஒருமுறையே சைலன்சரில் 'டுப்' என்னும் ஓசை எழும். ஒவ்வொரு வால்வும் அவ்விரு சுழற்சிக்கு ஒருமுறையே திறந்து மூடும். நிமிடத்திற்கு 1200 சுழற்சி எனின், சைலன்சரின் ஓசை நிமிடத்திற்கு 600 ஆகும். ஆகவே, ஒரு 'டுப்'புக்கு ஒருமுறை மெல்லிய தட்டோசை கேட்பின் வால்வுப் பகுதியை முதலில் ஐயுறுதல் முறை. அதனினும் விரைந்து கிராங்கோடு ஒத்துச் செல்லின் கீழ்ப்பகுதியை நோக்குக. ஆனால் இக்கணக்கு ஒன்றையே நம்புதல் கூடாது. எரிதலின் பேரழுத்தமும் இரு சுழற்சிக்கு ஒருமுறையே வருதலின், பிஸ்டன் ஓசையும் கீழ்ப்பகுதி ஓசையும் அந்நேரத்தில் ஓங்கக்கூடும். ஒரு சான்றாளர் உரை வழக்கிற்குப் போதாது. பல சான்றுகள் ஒத்தல் வேண்டும்.

ஓசைகளின் வகை

மேற்பகுதியில் மெலிந்து கூர்மையாய் 'டிக் டிக்' என்பது பெரும்பாலும் டாப்பெட்டுத் தளர்ச்சி. பழைய புல்லட்டில் இதனை எந்திரம் நன்கு குளிர்ந்திருக்கும்போதே சரிசெய்தல் வேண்டும். வால்வு மூடியிருக்கும் நிலையிற் புஷ்ராடு விரலால் உருட்டினால் எளிதிற் சுழல வேண்டும். மேலுங் கீழும் ஆட்டினால் அசையலாகாது. ஈண்டு ஓர் எச்சரிக்கை: ஓசை முற்றும் அடங்கவேண்டுமென்று இறுக்கிவிடுவோர் உளர். இறுகிய டாப்பெட்டு ஓசை செய்யாது. ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுதும் அமரமாட்டாது. புகைபோக்கும் வால்வு இருக்கையில் அமரும் நேரத்திலேதான் தன் சூட்டின் பெரும்பகுதியைத் தலைப்பகுதிக்கு இறக்கிவிடுகின்றது. அமர இடமின்றேல் அது கருகி அழியும். எனவே, ஓசையுடைமை என்றும் குற்றமன்று. ஓசையின்மை என்றும் நலமன்று.

டாப்பெட்டின் குரலையே மேற்கொண்டு ஏமாற்றுவது ஒன்று உண்டு. புகைக்குழாய் எந்திரத்தின் தலையோடு சேருமிடம் தளர்ந்து காற்றுக் கசியின் அதுவும் 'டிக் டிக்' என்றே கேட்கும். சேருமிடத்திற் கரித்தடம் படிந்திருத்தல் இதற்குச் சான்று. சைலன்சர் வாயைக் கனத்த துணியால் ஒரு கணம் மறைத்தால் கசிவோசை மிகும், டாப்பெட்டோசை மிகாது. துணி கைக்குச் சூடு தாங்கும் அளவு தடித்திருத்தல் வேண்டும்.

காலையில் எந்திரத்தைக் கிளப்பியவுடன் சிலிண்டரின் நடுவில் மழுங்கலாகத் தட்டி, சூடேறச் சூடேறக் குறைவது பிஸ்டன் ஆட்டம். பிஸ்டன் அலுமினியத்தாலும் சிலிண்டர் இரும்பாலும் ஆனவை. சூட்டில் அலுமினியம் இரும்பினும் மிகுதியாய் விரிவதால் இடைவெளி சுருங்கி ஓசையும் அடங்குகின்றது. அடங்குமாயின் உடனே அஞ்சற்க. சூடேறிய பின்னும் நில்லாது, எண்ணெய்ப் புகையும் உடன்வரின், போரிங்கு செய்து பெரிய அளவுப் பிஸ்டன் பொருத்துங் காலம் வந்ததென்க.

ஆக்ஸிலேட்டரைத் திருகி மேடேறுங்கால், கண்ணாடிக் குண்டுகளைத் தகரக் குவளையிற் குலுக்கினாற்போலக் கிணுகிணுவென்பது உறுப்புத் தேய்வின் ஓசையன்று. எரிதல் முறைகெட்டதன் ஓசை. தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்னரே தோன்றுதல், உள்ளே கரி படிதல், கலவையிற் பெட்ரோல் குறைதல், எந்திரம் மிகச் சூடாதல், தாழ்ந்த கியருக்கு மாற்றாது இழுக்க வைத்தல் ஆகியவை இதன் காரணங்கள். உடனே செய்யத்தக்கது ஆக்ஸிலேட்டரைத் தளர்த்திக் கியரைக் குறைத்தல். பின்னர்ப் பாயிண்டையும் டைமிங்கையும் நோக்குக. இதனைப் பொருட்படுத்தாது ஓட்டின் பிஸ்டன் தலையே துளைபடும்.

இடப்பக்கத்து மூடிக்குள் ஸ்லோவில் லொடலொடவென்பது பிரைமரி செயின் தளர்ச்சியாதல் பெரும்பான்மை. அச்செயினுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் ஆட்டம் போதும். செயின் எங்கும் ஒரே அளவாய்த் தேய்வதில்லை. சுற்றிச் சுற்றிப் பல இடங்களிற் பார்த்து, மிக இறுகிய இடத்தை அளவாகக் கொள்க. நியூட்ரலில் எந்திரம் ஓடுகையிற் கிளச்சைப் பிடித்தால் ஓர் ஓசை மறையுமாயின் கியர்ப்பெட்டியை ஐயுறுக. பிடித்தவுடன் புதிதாய்த் தோன்றுமாயின் கிளச்சை ஐயுறுக.

இனி, எல்லாவற்றினும் கொடியது பிக் எண்டு ஓசை. கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம் தேய்ந்து, அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' எனக் கனத்து எழுவது இது. ஆக்ஸிலேட்டரைத் திடீரெனத் திறக்கும்போதும் மூடும்போதும் தெளிவாகக் கேட்கும். சூடேறி எண்ணெய் இளகியபின் குறையாது மிகும். பிஸ்டன் ஆட்டத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை மனத்திற் பதித்துக்கொள்க: அது சூட்டிற் குறையும், இது சூட்டில் வளரும். இவ்வோசை கேட்டபின் ஒரு கிலோமீட்டரும் ஓட்டுதல் தகாது. வண்டியைத் தள்ளிச் செல்வதாலோ ஏற்றிச் செல்வதாலோ ஆகுஞ் செலவு, முறிந்த ராடு எந்திரத்தின் வயிற்றைப் பிளப்பதால் ஆகுஞ் செலவினும் மிகச் சிறிதாகும்.

சோதிக்கும் முறை

எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் எக்கல்விக்கும் முறை. முதலில் எந்திரத்தை நிறுத்தி எண்ணெயின் அளவைப் பார்க்க. பின்னர்ப் புறத்தே உள்ள மட்கார்டு, சைலன்சர், டேங்கு, எந்திரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் நட்டுகள் ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பார்க்க. 'எந்திரக் கோளாறு' எனப்பட்ட ஓசை பலமுறை ஒரு நட்டை இறுக்குவதனால் ஓய்வதுண்டு. மூன்றாவது, திறந்த வெளியில் எந்திரத்தைக் குளிர்ந்த நிலையிற் கிளப்பிக் கேட்க. அடைத்த அறையிற் கிளப்புதல் ஆகாது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். நான்காவது, சூடேறியபின் மீண்டும் கேட்க. ஐந்தாவது, திருப்புளியைத் தலை, சிலிண்டர், கிராங்கு அறை, செயின் மூடி என ஒவ்வோரிடமாய் ஊன்றி எங்கு ஓங்குகின்றது என்று காண்க. சுழலும் உறுப்புகளுக்கு உடையும் கையும் விலகியிருத்தல் வேண்டும். இறுதியிற் சாலையிற் சுமையோடு ஓட்டிக் கேட்க. கனத்த கீழோசை முன்னரே கேட்டிருப்பின் இவ்விறுதிச் சோதனையை விட்டுவிடுக. ஒவ்வொரு நிலையிலும் கண்டதை ஒரு தாளிற் குறித்துக்கொள்வோர் மெக்கானிக்கின் நேரத்தையும் தம் பொருளையும் காப்பர்.

ஓடுகையில் எந்திரம் இறுகுவதாய்த் தோன்றினால் எண்ணிப் பாராது கிளச்சைப் பிடித்துவிடுக. சக்கரம் எந்திரத்தினின்று விடுபட்டுச் சுழலும். சாலையோரம் சேர வழி கிட்டும்.

ஒரு வழக்கு

ஒருவர் பழைய புல்லட்டிற் பால் கொண்டு செல்பவர் என்று கொள்வோம். வண்டியில் ஒரு தட்டோசை புதிதாய்த் தோன்றிற்று. 'எந்திரம் இறக்க வேண்டும்' என்று ஒருவர் சொல்ல, அவர் ஒரு மாத வருவாயை எண்ணிக் கலங்குகின்றார். நாம் மேற்கூறிய வினாக்களைக் கேட்போம். எங்கே? மேற்புறத்தில். எப்பொழுது? காலையில் மிகுதி, சூடேறியபின் சற்றுக் குறைவு. எத்தகைய ஓசை? கூரியது, ஒரு 'டுப்'புக்கு ஒன்று. காலையில் மிகுவதாற் பிஸ்டனோ என்று ஐயம் எழும். ஆனால் பிஸ்டன் ஓசை மழுங்கல், இது கூர்மை. டாப்பெட்டோ எனின், புஷ்ராடுகள் முறைப்படி உருள்கின்றன, ஆட்டமில்லை. எஞ்சியது புகைக்குழாய். சேருமிடத்திற் கரித்தடம் உளது. சைலன்சர் வாயை மறைத்தால் ஓசை மிகுகின்றது. பூட்டை இறுக்க அடங்கிற்று. எந்திரம் காலையிற் குளிர்ந்து சுருங்கியிருக்கும்போது விரிந்திருந்த சந்து, சூட்டில் ஓரளவு மூடிக்கொண்டமையே ஓசை குறைந்ததன் காரணம். சில வினாக்களும் ஒரு ஸ்பேனரும் ஒரு குடும்பத்தின் மாத வருவாயைக் காத்தன. அவ்வோசையே அடிப்பகுதியிற் கனத்து, சூட்டில் வளர்ந்திருப்பின், அதே வினாக்கள் அவரை அன்றே வண்டியை நிறுத்தச் செய்து அவருயிரைக் காத்திருக்கும்.

செவிக்கல்வி நூலொன்றினால் மட்டும் நிரம்புவதன்று. தம் வண்டி நலமாயிருக்கும் நாளிலேயே அதன் இயல்பான ஓசையைப் பழகிக்கொண்டவனுக்கே, மாறிய ஓசை மாறியதாகத் தோன்றும். பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்கும் தொழிலாளர் பலர் இவ்வறிவைத் தம் செவியிற் சேமித்து வைத்திருக்கின்றனர். வண்டியை அவரிடம் விட்டுவிட்டு அகலாது, உடனிருந்து கேட்டு, அவர் வழங்கும் ஓசைச் சொற்களையும் குறித்துக்கொள்வோமாயின், வண்டியும் பிழைக்கும். நம் மொழியும் சில நல்ல சொற்களைப் பெறும்.