சைக்கிள் மிதித்தால் சோறு கிடைக்குமா?

பெங்களூர் மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகள் பந்தயச் சைக்கிள் வேண்டும் என்று கேட்கிறாள். அக்கா என்ன கேட்பார்? "சைக்கிள் மிதிச்சா சோறு கிடைக்குமாடி?"

நியாயமான கேள்விதான்.

ஐரோப்பாவில் சாலைப் பந்தயமே தொழிலாக இருக்கும் பெண்கள் உண்டு. அவர்கள் அணியாக ஓட்டுவார்கள். பிரான்சு நாட்டில் 2022-இல் பெண்களுக்கு ஒரு பெரிய பந்தயம் நடந்தது. 8 நாள்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். வென்றவர் ஆன்மீக் வான் ஃப்ளூட்டன். அப்போது அவருக்கு வயது 39! ஆனால் பெரிய பெண்கள் அணிகளில் இவ்வளவு சம்பளமாவது தர வேண்டும் என்ற விதி 2020-இல்தான் வந்தது. அதுவரை பல பெண்கள் வேறு வேலையும் பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள்.

நம் நாட்டில்? டெபோரா ஹெரால்டின் கதையைப் படியுங்கள்.

டெபோரா 1995-இல் பிறந்தவர். அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தை அழித்த அதே அலைதான். அப்போது அவருக்கு 9 வயது. ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டார். சில நாள் கழித்துத்தான் மீட்கப்பட்டார்.

பிறகு சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். டெல்லியில் பயிற்சி பெற்றார். அவர் ஓட்டியது சாலையில் அல்ல. மரப்பலகையால் ஆன வட்டப் பாதையில். வளைவுகளில் அந்தப் பாதை சுவர் போலச் சரிந்திருக்கும். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது! சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். காலை ஓய்வாக வைக்கவே முடியாது.

அவருடைய முக்கியப் போட்டி 500 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். தனியாக ஓட்ட வேண்டும். கடிகாரம்தான் எதிரி. நல்ல வீராங்கனைகள் சுமார் 35 நொடியில் முடிப்பார்கள். அதாவது மணிக்கு 51 கிலோமீட்டர் வேகம்.

2014-இல் டெல்லியில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. அதில் டெபோரா தங்கம் வென்றார். 2015 டிசம்பரில் 500 மீட்டர் போட்டியின் உலகத் தரவரிசையில் 4-ஆம் இடம் பெற்றார். தீவில் பிறந்த பெண்ணுக்கு 20 வயதில் இந்த இடம்!

அப்படியானால் 2016 ஒலிம்பிக்குக்குப் போயிருப்பார் அல்லவா? இல்லை. அந்த 500 மீட்டர் போட்டி 2000, 2004 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளில் மட்டுமே இருந்தது. பிறகு நீக்கிவிட்டார்கள். வேறு வகைப் பந்தயங்களில்தான் தகுதி பெற வேண்டியிருந்தது. அது கிடைக்கவில்லை. 2024 வரை எந்த இந்தியப் பெண்ணும் ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டியதில்லை.

சோற்றுக்கு வருவோம். நம் வீரர்கள் பலர் ரயில்வே, காவல்துறை போன்ற வேலைகளை நம்பித்தான் பயிற்சி எடுக்கிறார்கள். விளையாட்டில் வென்றவர்களுக்கு அங்கே தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கும் பள்ளிப் படிப்பு வேண்டும். மகள் பந்தயத்துக்குப் போனாலும் பள்ளியை விடக் கூடாது என்று அக்கா சொன்னால், அது சரியான பேச்சு.

செய்து பாருங்கள்
1. உங்கள் தெருவில் 100 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். ஒருவர் சைக்கிள் ஓட்டட்டும். எத்தனை நொடி ஆகிறது? 500 மீட்டருக்கு 35 நொடி என்றால் 100 மீட்டருக்கு எத்தனை நொடி?
2. அக்காவின் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.