சுமப்பதும் வளர்ப்பதும்

 

கர்ப்பம் தரித்தால் தேகம் குலைந்துபோகுமே என்ற பயம் உன்னை வாட்டுவதாகவும், ஆகையால் பெறுவதை விடுத்து ஒரு குழந்தையை ஸ்வீகாரம் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பதாகவும், வெளியே சொன்னால் ஊர் பழிக்குமென்றும் எழுதியிருக்கிறாய். பழிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கொடுத்துவிட்டு, பழம்புடவையை நீளமாகக் கிழித்து அவள் வயிற்றைச் சுற்றி மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிய நம் பாட்டிமார்களுக்கும் இந்தக் கவலை இருக்கத்தான் செய்தது. சொல்லிக்கொள்ளத்தான் அவர்களுக்கு இடமில்லை.

ஆயினும், எதற்குப் பயப்படுகிறோம் என்பதை உள்ளபடி அறிந்துகொள்வது உத்தமம். சாதாரண எடையுள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் 11 முதல் 16 கிலோ வரை கூடுவது இயல்பென்பார்கள். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருகிய இரத்தம் எல்லாம் அதில் அடக்கம். பிரசவத்திற்குப் பின் கர்ப்பப்பை சுமார் 6 வாரத்தில் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். விலகிய வயிற்றுத் தசைகள் பலருக்குத் தாமே கூடும், சிலருக்குத் தேகப்பயிற்சி வேண்டியிருக்கும். செந்நிறமாய் விழுந்த வரிகள் நாளடைவில் வெளிறுமேயன்றி அடியோடு மறைவதில்லை. ஒன்றுமே மாறாதென்று தேற்றுகிறவர்களையும், சர்வமும் நாசமென்று மிரட்டுகிறவர்களையும் ஒருசேர ஒதுக்கிவிடு. பயம் உன் தூக்கத்தையும் தாம்பத்தியத்தையும் தொடுமளவுக்கு முற்றியிருந்தால், மனநல வைத்தியரைக் கண்டு பேசு. பிரசவ பயத்துக்குச் சிகிச்சை உண்டு, அதில் வெட்கமில்லை.

இனி ஸ்வீகார விஷயம். கர்ப்பம் வேண்டாமென்பது உன் தேகத்தைக் குறித்த தீர்மானம். அதற்கு நீ எவருக்கும் சமாதானம் சொல்லக் கடமைப்பட்டவளல்ல. ஆனால் ஸ்வீகாரமோ, பெற்றவளை முன்னமே இழந்துவிட்ட மற்றொரு ஜீவனைக் குறித்த தீர்மானம் ஆகையால், முதலாவதை மட்டுமே அதற்குக் காரணமாகக் கொள்ளல் தகாது. வயிற்றுக்கு வரும் சிரமம் நீங்கலாம், இரவு விழிப்பும், ஜுரத்தின்போது மடியில் கிடத்திக் காத்திருப்பதும், "என்னைப் பெற்றவள் யார்?" என்று அது ஒருநாள் கேட்கும்போது ஒளிக்காமல் பதில் சொல்வதும் நீங்கா.

வழியும் குறுக்கு வழியல்ல. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். குறைந்தது 2 ஆண்டு நிலையான இல்லறமும் இருவர் சம்மதமும் வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து உங்கள் எண்ணத்தையும் வசதியையும் விசாரித்து எழுதுவார். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85-ஐத் தாண்டலாகாது. வருஷக்கணக்கில் காத்திருந்து குழந்தை வந்த பிறகு கலெக்டரின் உத்தரவு, அதன்பின்னும் 2 ஆண்டு மேற்பார்வை. இத்தனை எதற்கென்று சலித்து, பணம் கொடுத்தால் ஆஸ்பத்திரியிலேயே குழந்தையைக் கையில் தருகிறேன் என்பவன் பின்னால் போய்விடாதே. அது குழந்தையை விலைக்கு வாங்குவதாகும், குற்றமுமாகும்.

உன்னை நீயே ஒன்று கேட்டுப் பார். தேகத்தில் ஒரு வரியும் விழாமல் பிரசவம் ஆகுமென்று உறுதி கிடைத்தாலும், அப்போதும் பிறர் பெற்ற பிள்ளையை வளர்க்க உன் மனம் விரும்புமா? விரும்புமென்றால் தயங்காமல் பதிவு செய். பயம் தொடக்கமாயிருந்தது என்பதை அந்தப் பணியாளரிடமும் மறைக்காதே. விரும்பாதென்றால் பொறுத்திரு, பிள்ளையின்றியே நிறைவாக வாழ்வதும் வாழ்க்கைதான்.

மாப்பிள்ளையிடம் இன்னும் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் காட்டு. மேற்கொண்டு யோசனை அவரோடு நடக்கவேண்டியது, என்னோடு அல்ல.

இப்படிக்கு,
உன் பெரியம்மா